கரிசல் வெயிலும் கூரைக்கடியில் ஒரு வெள்ளித் தாளும்

கோவில்பட்டியில் சித்திரை முதல் நாளை ஒட்டி, பகல் 12.20 மணி வாக்கில், திறந்த வெளியில் ஒரு கம்பை நேராக நட்டு வைத்தால் அதற்கு நிழலே விழாது. ஏப்ரல் 13, 14 தேதிகளில் சூரியன் இந்த ஊரின் உச்சிக்கு நேர் மேலே வந்து நிற்கிறது. பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிவைத்துக் காட்டுகிறார்களே, அந்த நிழலில்லா நாள் இதுதான். பிறகு சூரியன் மெல்ல வடக்கே போய், ஆகஸ்ட் கடைசியில் திரும்பி வரும்போது இன்னொரு முறை உச்சியைக் கடக்கும். இடைப்பட்ட கோடை முழுக்க நண்பகல் சூரியன் உச்சியிலிருந்து பதினான்கு, பதினைந்து டிகிரிக்கு மேல் விலகுவதே இல்லை.

வீட்டைக் குளுமையாக வைக்க நினைப்பவர் முதலில் மனதில் வாங்க வேண்டியது இதைத்தான். நம் பக்கத்தில் கோடை வெயில் சுவர் வழியாக வருவதைவிடக் கூரை வழியாகவே அதிகம் இறங்குகிறது. கிழக்குச் சுவரில் காலை வெயிலும் மேற்குச் சுவரில் மாலை வெயிலும் சில மணி நேரம் அடிக்கும். தெற்குச் சுவருக்குக் கோடையில் வெயில் ஏறக்குறைய இல்லை. கூரை மட்டும் காலை எட்டு மணி தொடங்கி மாலை ஐந்து வரை வெயிலில் கிடக்கிறது. நண்பகலில் ஒரு சதுர மீட்டர் கூரைமேல் விழும் வெயிலின் ஆற்றல் ஏறத்தாழ 1000 வாட். ஜன்னலுக்குத் திரை, சுவருக்கு வெளிர் நிறம் என்று செலவழித்துவிட்டுக் கூரையை அப்படியே விட்டு வைப்பவர்கள் செலவைத் தவறான இடத்தில் தொடங்குகிறார்கள் என்றே நான் சொல்வேன்.

கரிசல் மண் தன் பங்குக்கு வேறு சூட்டைக் கூட்டுகிறது. புரட்டாசி, ஐப்பசியில் விதைத்த உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் தை, மாசிக்குள் வீடு வந்து சேர்ந்துவிடும். அதற்குப் பிறகு கோடை உழவு போட்ட நிலம் பயிரில்லாமல், கறுப்பாக, வெடித்துக் கிடக்கும். வெயில் மிகக் கடுமையாக இருக்கும் மாதங்களில்தான் எட்டயபுரம், விளாத்திகுளம், கயத்தாறு, சாத்தூர் வரை கண்ணுக்கெட்டிய தூரம் நிலம் முழுக்கக் கறுப்பு. கறுப்பு நிலம் தன்மேல் விழும் வெயிலில் பெரும்பங்கை வாங்கிக்கொள்கிறது. அதன்மேல் தவழ்ந்து வரும் காற்றும் சூடாகவே வீட்டுக்குள் நுழைகிறது. தென்மேற்குப் பருவமழை மலைக்கு அந்தப் பக்கமே கொட்டித் தீர்ந்துவிடுவதால் ஐப்பசி வரை பெரிய மழைக்கும் வழியில்லை.

இந்த வறட்சியில்தான் தீக்குச்சி சீக்கிரம் காய்ந்தது. தீப்பெட்டித் தொழில் இந்த மண்ணில் வேர்விட அதுவும் ஒரு காரணம். ஆனால் தொழிலுக்கு வாய்ப்பான வெயிலைத் தாங்கிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருப்பவர்களும் மனிதர்கள்தானே.

பகல் இரண்டு மணிக்கு ஒரு தகரக் கொட்டகைக்குள்ளோ சிமெண்டு ஷீட் போட்ட வீட்டுக்குள்ளோ போய் நின்று பாருங்கள். உச்சந்தலையிலும் தோளிலும் ஒரு வெக்கை இறங்கும். மின்விசிறியைச் சுழலவிட்டாலும் அது போகாது. இப்போது பிரியாணிப் பொட்டலம் கட்டும் அலுமினியத் தாளில் ஒரு முழம் எடுத்து, ஓர் அட்டையில் சுற்றி, முகத்துக்கும் கூரைக்கும் நடுவே பிடியுங்கள். அந்தக் கணமே முகத்தில் அடித்த வெக்கை நின்றுவிடும். அறையின் காற்று துளியும் குளிரவில்லை. வெப்பமானி வைத்துப் பார்த்தாலும் பழைய அளவையே காட்டும். அட்டையை எடுத்துவிட்டால் வெக்கை மறுபடி முகத்தில் அடிக்கும். பணம் கொடுத்து எதையும் வாங்குவதற்கு முன், வீட்டில் உள்ளவர்களைக் கூப்பிட்டு இந்தச் சோதனையைச் செய்து காட்டுங்கள். பளபளப்பான தாள் எந்தச் சூட்டைத் தடுக்கும், எதைத் தடுக்காது என்பது அதிலேயே விளங்கிவிடும்.

சூடு மூன்று வழியில் பயணப்படுகிறது. ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் பொருள்கள் வழியாகக் கடத்தப்படுவது ஒன்று. சூடான காற்று எழும்பி நகரும்போது கூடவே போவது இன்னொன்று. மூன்றாவது கதிர்வீச்சு, அதற்குத் தொடுகையும் வேண்டாம், காற்றும் வேண்டாம். சூடான எந்தப் பரப்பும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களை எதிரே இருக்கும் குளிர்ந்த பரப்பை நோக்கி வீசிக்கொண்டே இருக்கும். கூரையைப் பொறுத்தவரை இந்த மூன்றில் எது அதிகம்? சூடான காற்று மேலேயே தங்கும், கீழே இறங்காது. ஆகவே ஷீட்டுக்கடியில் இருக்கும் காற்று, சூட்டைச் சுமந்துகொண்டு நம்மிடம் வருவது குறைவு. காற்று வழியாகக் கடத்தலும் மிகக் குறைவு. கூரையிலிருந்து நம்மை நோக்கி இறங்குவதில் பெரும்பகுதி கதிர்வீச்சுதான்.

கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம். நல்ல வெயிலில் பழைய தகரமோ கல்நார் ஷீட்டோ 60 டிகிரி செல்சியஸை எளிதாகத் தொட்டுவிடும். கீழே இருக்கும் தரையும் கட்டிலும் ஆட்களும் 35 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். இந்த இரண்டுக்கும் நடுவே கதிர்வீச்சால் மட்டும் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 வாட் இறங்கும். பத்தடிக்குப் பத்தடி அறை என்றால் மொத்தம் 1400 வாட். ஒன்றரை இஸ்திரிப் பெட்டியைச் சூடேற்றித் தலைக்கு மேலே கவிழ்த்து வைத்தது போலத்தான். துரு, சிமெண்டு, மரம், பெயிண்ட், நம் தோல் எல்லாமே தம் சூட்டுக்கு ஏற்ற கதிர்வீச்சில் பத்தில் ஒன்பது பங்கை வெளியே விட்டுவிடும் பரப்புகள். சுத்தமான அலுமினியத் தாள் விடுவதோ நூற்றில் நான்கைந்து பங்குதான். அந்தத் தாளைக் கூரைக்கும் நமக்கும் நடுவே விரித்துவிட்டால், 1400 வாட் கணக்குப்படி நூறு வாட்டுக்கும் கீழே போய்விடும். வீடு என்று வரும்போது ஓரம், இடுக்கு, தூசி எல்லாம் சேர்ந்து இந்தக் கணக்கைக் கொஞ்சம் கெடுக்கும். கெடுத்த பிறகும் மிஞ்சுகிற பலன் பெரியது.

இதன் பலனை உலகமே பார்த்த ஒரு நிகழ்ச்சி உண்டு. 1973 மே 14 அன்று அமெரிக்கா ஸ்கைலாப் என்ற விண்வெளி ஆய்வுக்கூடத்தை ஏவியபோது, அதன்மேல் போர்த்தியிருந்த காப்புத் தகடு பிய்ந்துபோயிற்று. உள்ளே சூடு 50 டிகிரியைத் தாண்டியது. பதினொரு நாள் கழித்து மூன்று வீரர்கள் புறப்பட்டுப் போய், அலுமினியம் பூசிய மெல்லிய விரிப்பு ஒன்றை ஒரு சிறு துளை வழியாக வெளியே நீட்டிக் குடை போல விரித்தார்கள். சில நாள்களில் உள்ளே மனிதர் தங்கி வேலை செய்யும் நிலை வந்துவிட்டது. ஹார்டுவேர் கடையில் சுருட்டி வைத்திருக்கும் வெள்ளித் தாளும் அதே வேலையைச் செய்வதுதான்.

அப்படியானால் அந்தத் தாளைக் கூரைக்கு மேலேயே விரித்துவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். கூரையின் மேல்புறத்துக்கு ஒரு குணம் வேண்டும், அடிப்புறத்துக்கு வேறொன்று வேண்டும். மேல்புறம் வெயிலைத் திருப்பி அனுப்ப வேண்டும். மீறி உள்ளே புகுந்த சூட்டை வானத்தை நோக்கித் தாராளமாக விட்டுவிடவும் வேண்டும். வெள்ளைப் பூச்சு இரண்டையும் செய்யும். பளபளக்கும் உலோகம் வெயிலைத் திருப்பி அனுப்பும், ஆனால் வாங்கிய சூட்டை வெளியே விடாமல் வைத்துக்கொள்ளும். புதுத் தகரம் கண் கூசும் அளவு மின்னினாலும் கை வைக்க முடியாமல் கொதிப்பது இதனால்தான். அடிப்புறத்தில் அந்தக் கஞ்சக் குணமே நமக்கு வேண்டியது: சூடு ஏறினாலும் அதை அறைக்குள் வீசாத பரப்பு. ஆகவே வெளியே வெள்ளை, உள்ளே வெள்ளித் தாள், நடுவே காற்று. மூன்றும் சேர்ந்தால்தான் பலன் முழுதாகக் கிடைக்கும்.

வெள்ளைக்குச் சுண்ணாம்பே போதும். நீற்றின சுண்ணாம்பைச் சல்லடையில் வடிகட்டி, ஒட்டுவதற்குக் கொஞ்சம் பெவிகால் சேர்த்து, மொட்டைமாடியைக் கழுவிக் காயவிட்டு இரண்டு கை அடித்தால் அந்தக் கோடைக்குத் தாங்கும். ஐப்பசி மழையில் பெரும்பாலும் கரைந்துவிடும். கூல் ரூஃப் பெயிண்ட் என்று விற்பவை விலை கூடுதல், சில வருடம் நிற்கும். வாங்கும்போது டப்பாவில் எஸ்.ஆர்.ஐ. என்ற எண்ணைப் பாருங்கள். அளவுகோலின் கறுப்புக்கு 0, வெள்ளைக்கு 100 என்று வைத்திருக்கிறார்கள். நூறை ஒட்டியோ அதற்கு மேலோ இருந்தால் நல்லது. அந்த எண்ணே இல்லாமல் ‘குளுமை’ என்று மட்டும் எழுதியிருந்தால் அது சாதாரண வெள்ளைப் பெயிண்டாகக்கூட இருக்கலாம்.

சாயங்காலம் மாடியில் தண்ணீர் தெளிப்பது, ஈரச் சாக்கு விரிப்பது எல்லாம் வறண்ட காற்றில் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் தாமிரபரணியிலிருந்து குழாயில் வர வேண்டிய தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் வைத்துப் பழகிய ஊர் இது. அந்த ஊர்க்காரரிடம் போய்த் தினமும் மாடியில் நாலு குடம் ஊற்றச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வெள்ளைப் பூச்சுக்கும் வெள்ளித் தாளுக்கும் அன்றாடம் தண்ணீரும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். கரிசல் காட்டுக்கு இவை பொருந்துவதற்கு எனக்குத் தெரிந்த முதல் காரணம் அதுதான்.

இனி கடைக்குப் போவோம். “அண்ணாச்சி, பபுள் ஷீட்டு வேணுமா, வெறும் பாயிலா?” என்று கேட்பார்கள். பபுள் ஷீட் என்பது காற்றுக் குமிழ் உள்ள பிளாஸ்டிக் விரிப்பின்மேல் ஒரு பக்கமோ இரு பக்கமோ அலுமினியம் ஒட்டியது. வெறும் ஃபாயில் என்பது நெய்த பிளாஸ்டிக் துணியின்மேலோ காகிதத்தின்மேலோ ஒட்டிய தாள். கதிர்வீச்சைத் தடுப்பது மேலே உள்ள அலுமினியம்தான். குமிழ் தருவது மிகக் கொஞ்சமான கூடுதல் காப்பு. குமிழின் தடிமனுக்காகப் பெரிய விலை கொடுக்க வேண்டியதில்லை. கவனிக்க வேண்டியவை வேறு. இரு முகமும் அலுமினியமாக இருக்கிறதா? கையால் இழுத்தால் கிழிகிறதா? அலுமினியத்தின்மேல் பெயிண்டோ தடித்த பிளாஸ்டிக் பூச்சோ இருக்கிறதா? பூச்சு தடித்தால், பார்வைக்கு மின்னினாலும் அகச்சிவப்புக்கு அது சாதாரணப் பரப்புதான். வெள்ளி நிறத்தில் அச்சடித்த வெறும் பிளாஸ்டிக்கும் கடைகளில் உண்டு. அதை வாங்கிப் பயனில்லை.

“ஒட்டிவிட்டால் போதும்” என்று ஆள் சொல்லும் இடத்தில்தான் பெரும்பாலான காசு வீணாகிறது. வெள்ளித் தாளின் ஒரு முகத்துக்காவது எதிரே காற்று இருந்தாக வேண்டும். இரு பக்கமும் எதையாவது தொட்டுக்கொண்டிருந்தால், அலுமினியம் சூட்டை நேரடியாகக் கடத்திவிடும். அந்த வேலையில் அதை மிஞ்சும் உலோகங்கள் சிலவே. தளத்துக்கும் தட்டோட்டுக்கும் நடுவே ஃபாயிலைப் புதைப்பது, ஃபாயிலை விரித்து அதன்மேல் சிமெண்டு பூசுவது, பிளைவுட் பலகைக்கும் தெர்மாகோலுக்கும் நடுவே அழுத்தி வைப்பது, இவற்றால் கதிர்வீச்சுக் காப்பு எதுவும் கிடைக்காது. கூரைக்கும் தாளுக்கும் நடுவே ஓர் அங்குலமாவது இடைவெளி விடுங்கள். இரண்டு முதல் நான்கு அங்குலம் கிடைத்தால் இன்னும் நல்லது. ஷீட்டின் அடியிலேயே ஒட்டிவிட்டாலும், அறையைப் பார்க்கும் பளபளப்பு முகம் தன் வேலையைச் செய்யும். ஆனால் பசை 60 டிகிரிச் சூட்டில் நெடுநாள் தாங்குவதில்லை. ஒரு கோடை தாண்டுவதற்குள் ஓரம் பிரிந்து தொங்க ஆரம்பிக்கும்.

பளபளப்பு எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். கரிசலுக்கு என் பதில்: கீழ்நோக்கி. ஆனி, ஆடியில் ஆரியங்காவுக் கணவாய் வழியாகப் பாய்ந்து வரும் மேல்காற்று கயத்தாற்றுக் காற்றாலைகளைச் சுழற்றிவிட்டு நம் வீடுகளுக்குள் புழுதியை அள்ளிக் கொட்டும். மேல்நோக்கிய முகத்தில் கரிசல் புழுதி படிந்ததும், அந்த முகம் வெறும் மண் பரப்பாகிவிடும். கீழ்நோக்கிய முகத்தில் புழுதி தங்காது. சூட்டை உள்ளே விடாமலிருக்க அந்த ஒரு முகமே போதும். இரு முகத் தாள் போட்டால் தொடக்கத்தில் இரண்டின் பலனும் உண்டு, மேல் முகம் மங்கிய பிறகும் கீழ் முகம் காக்கும். அடுப்படியில் மட்டும் இதற்கு மாறாக நடக்கும். புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் கீழ் முகத்திலேயே ஏறும் என்பதால் அங்கே மாதம் ஒரு முறை ஈரத் துணியால் துடைக்க வேண்டும். விறகடுப்பு எரியும் இடத்தில் தாளே வேண்டாம்.

ஷீட் வீட்டுக்கு வேலை எளிது. ஷீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டங்களின் அடியில் தாளை இழுத்துக் கட்டி, ரீப்பர் வைத்து அடித்தால் சட்டத்தின் கனமே இடைவெளியாகிவிடும். இரும்புச் சட்டமாக இருந்தால் ஜி.ஐ. கம்பியைக் குறுக்கும் நெடுக்கும் கட்டி, அதன்மேல் தாளை விரிக்கலாம். சுவரை ஒட்டிய தாழ்ந்த ஓரத்திலும், கூரையின் உயர்ந்த முகட்டிலும் ஒரு சாண் அகலத்துக்குத் திறப்பு விடுங்கள். இடைவெளியில் சூடாகும் காற்று முகட்டு வழியே வெளியேறி, தாழ்வாரத்து வழியே புதுக் காற்று ஏறும். தாள் முழுதும் ஒரே மட்டத்தில் இல்லாமல் ஒரு பக்கம் லேசாகச் சரிந்திருக்கட்டும். கார்த்திகை, மார்கழியில் தகரத்தின் அடியில் வேர்க்கும் தண்ணீர் தேங்காமல் ஒரு மூலைக்கு வடிந்துவிடும்.

ஓட்டு வீட்டில், கைமரத்தின்மேல் தாளை விரித்து, அதன்மேல் நீளவாக்கில் ஒரு ரீப்பரும் குறுக்குவாக்கில் ஒரு ரீப்பருமாக அடித்து ஓட்டை மாட்டுவதே சரியான முறை. ஓட்டைப் பிரித்து மேயும் வருடத்தில் செய்துவிட வேண்டும். ஓடு உடைந்தால் சொட்டும் மழைநீரும் தாள் வழியே வெளியே போய்விடும் என்பது கூடுதல் லாபம். பிரிக்காமல் செய்வதென்றால் கைமரங்களின் அடியில் தாளை அடிக்கலாம்.

கான்கிரீட் தளம்தான் சிரமமானது. பகல் முழுக்கச் சூட்டைக் குடித்துவிட்டு, சில மணி நேரம் கழித்து, நாம் பாய் விரிக்கும் நேரத்தில் அடிப்புறத்தில் அதைக் கக்கும். இரவு எட்டு மணிக்குத் தளத்தின் அடியில் கை வைத்தால் இன்னும் சுடுவது அதனால்தான். இந்தச் சூட்டை மேலேயே மறிப்பதுதான் புத்திசாலித்தனம். வெள்ளைப் பூச்சு முதல் வேலை. பழைய வீடுகளில் கொத்தனார்கள் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கெட்டித்து, மேலே தட்டோடு பதித்தார்கள். அது நல்ல முறைதான். ஆனால் எடை அதிகம். கரிசல் மண் மழையில் உப்பி வெயிலில் சுருங்கும்போது அடித்தளம் அசைந்து, சுவரில் ஏற்கெனவே விரிசல் விழுந்த வீடுகள் இங்கே ஏராளம். அப்படிப்பட்ட வீட்டின் கூரையில் புதிதாக எடை ஏற்றுவதற்கு முன் ஒரு பொறியாளரைக் கேட்டே ஆக வேண்டும். பூச்சுக்கும் தாளுக்கும் எடை இல்லை.

வசதி உள்ளவர்கள் மொட்டைமாடியில் ஆறேழு அடி உயரத்தில் ஷீட் போடுகிறார்கள். நாலு பக்கமும் திறந்து, காற்று ஓடும்படி விட்டால் தளத்தில் வெயிலே விழாது. அந்த ஷீட்டின் அடியில் வெள்ளித் தாளும் கட்டிவிட்டால் மாலையில் அங்கே உட்காரவும் முடியும். மேல்காற்றுக்கு ஷீட் பறக்காதபடி தூண்களை நன்றாகப் பிடிமானம் செய்வது முக்கியம். தளத்துக்குள்ளே ஃபால்ஸ் சீலிங் போடுவதானால், சீலிங் பலகையின்மேல் தாளை விரிக்காமல், தளத்துக்கும் பலகைக்கும் நடுவே தொங்கவிடுங்கள். உயரம் குறைந்த அறையில் இதைச் செய்ய வேண்டாம். மின்விசிறிக்கும் தலைக்கும் இடையே இடம் இருக்காது.

இதுவரை சொன்னதைவிடக் கவனமாகப் படிக்க வேண்டியது இனி வருவது. 2009ஆம் ஆண்டு ஆஸ்திரேலிய அரசு வீட்டுக் கூரைகளுக்கு வெப்பக் காப்பு போட மானியம் கொடுத்தது. பயிற்சி இல்லாத ஆட்கள் அவசரமாக வேலைக்கு இறக்கப்பட்டார்கள். சில மாதங்களுக்குள் நான்கு இளம் தொழிலாளர்கள் இறந்தார்கள். அவர்களில் இருவர் அலுமினியத் தாளைப் பொருத்திக்கொண்டிருந்தபோது, உலோக ஸ்டேப்பிள் மின்கம்பியில் இறங்கித் தாள் முழுதும் மின்சாரம் பாய்ந்து உயிர்விட்டவர்கள். இன்னொருவர் கூரைக்குள்ளிருந்த சூட்டினாலேயே இறந்தார். 2010 பிப்ரவரியில் ஃபாயில் பொருத்துவது நிறுத்தப்பட்டது. நம் பக்கத்து ஷீட் வீடுகளில் ஒயர் எப்படி ஓடுகிறது என்று நினைத்துப் பாருங்கள். சட்டத்தோடு சட்டமாக, குழாய் இல்லாமல், டேப் சுற்றிய இணைப்புகளோடு. ஆகவே வேலை தொடங்கும் முன் மெயின் சுவிட்சை அணைத்து, ஃபியூஸைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய ஒயரைக் குழாய்க்குள் மாற்றிய பிறகே தாள் ஏறட்டும். வேலை நடப்பது காலை பத்து மணிக்குள். பகல் வெயிலில் கூரைக்கடியில் எவரையும் ஏற்றாதீர்கள்.

கல்நார் ஷீட் இன்னொரு எச்சரிக்கை. அதில் துளையிடுவது, உடைப்பது, வெள்ளை அடிக்கும் முன் உலர்ந்தபடியே தேய்ப்பது எல்லாம் கண்ணுக்குத் தெரியாத இழைகளைக் காற்றில் கலக்கும். அவை நுரையீரலில் தங்கிப் பல வருடம் கழித்துப் புற்றுநோயாக வரக்கூடியவை. ஷீட்டைத் தொடாமல் சட்டத்திலேயே ஆணி அடியுங்கள். மேலே பாசியும் அழுக்கும் இருந்தால் நன்றாக நனைத்து, மென்மையாகக் கழுவுங்கள். பழைய ஷீட்டின்மேல் கால் வைத்து நடப்பதும் ஆபத்து. பலகை போட்டே ஏற வேண்டும்.

எல்லாம் செய்த பிறகு என்ன கிடைக்கும்? வெளியே 40 டிகிரி இருக்கும்போது உள்ளே 25 ஆகிவிடாது. காற்றின் சூடு சில டிகிரிதான் குறையும். ஆனால் உடம்புக்குத் தெரியும் மாற்றம் அதைவிடப் பெரிது, தலைக்கு மேலிருந்து இறங்கிய வெக்கை நின்றுவிடுகிறது. இதை அளக்க ஆசைப்பட்டு, தொழிற்சாலைகளில் சூடு அளக்கும் அகச்சிவப்பு வெப்பமானியைத் தாளின்மேல் காட்டினால் தவறான எண்ணே வரும். பளபளப்புத் தாள் தன் சூட்டைக் காட்டாது, எதிரே இருப்பதைத்தான் பிரதிபலிக்கும். தாளில் ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி, அந்த டேப்பின்மேல் காட்டிப் பாருங்கள், உண்மைச் சூடு தெரியும். அந்த வெப்பமானி கிடைக்காதவர்களுக்குப் பிரியாணித் தாள் சோதனையே போதும்.

இரவில் மட்டும் தாள் ஒரு சிறு தடையும் செய்யும். தகரக் கூரை ராத்திரியில் சீக்கிரம் குளிரும். தாள் இருந்தால் அறையின் சூடு அந்த வழியே வெளியேறுவது மெதுவாகும். ஆகவே பொழுது சாய்ந்ததும் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்துவிட வேண்டும். கரிசலில் ஈரப்பதம் குறைவு, வானம் தெளிவு. கடலோர ஊர்களைவிட இரவு வேகமாகச் சூடு தணியும் நிலம் இது. விடிகாலைக் குளுமையை உள்ளே வாங்கிக்கொண்டு, காலை எட்டரை, ஒன்பதுக்கு மேற்கு ஜன்னல்களையும் கிழக்கு ஜன்னல்களையும் அடைத்துவிட்டால் அது பகல் பாதி வரை தாங்கும்.

வாடகை வீட்டில் இருப்பவர் கூரையைத் தொட முடியாது. அவர்கள் கட்டிலுக்கு மேலே, ஆறேழு அடி உயரத்தில், கொடிக் கயிறு கட்டித் தாளைப் பந்தல் துணி போல விரிக்கலாம், பளபளப்பு கீழே பார்க்க. வீடு மாறும்போது சுருட்டி எடுத்துப் போகலாம். கைக்குழந்தையும் வயதானவர்களும் படுக்கும் இடத்துக்கு மேலே மட்டுமாவது செய்துகொள்ளுங்கள்.

இதை வீட்டுக்காரர்களின் தலையில் மட்டும் போடுவது நியாயமில்லை. தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறந்தவரின் குடும்பத்துக்கு நான்கு லட்சம் ரூபாய் நிவாரணம் என்றும் சொன்னது. அரசுப் பள்ளிகளின் கூரைகளில் வெள்ளைப் பூச்சு அடிக்கும் வேலையும் தொடங்கியிருக்கிறது. தெலங்கானா 2023லேயே குளிர் கூரைக்கென்று தனிக் கொள்கை வகுத்து, ஐந்து வருடத்தில் 300 சதுர கிலோமீட்டர் கூரையை வெள்ளையாக்குவதாக இலக்கு வைத்தது. அகமதாபாத் 2013இல் வெப்பச் செயல்திட்டம் போட்ட நகரம். பின்னாளில் குடிசைப் பகுதிக் கூரைகளுக்குச் சுண்ணாம்பு அடிப்பதும் அதில் சேர்ந்தது. இறந்த பிறகு கொடுக்கும் தொகையில் மிகச் சிறிய ஒரு பங்கே ஒரு சின்ன வீட்டின் கூரைக்குச் சுண்ணாம்பும் தாளும் வாங்கப் போதும்.

கோவில்பட்டி, சாத்தூர் பக்கத்தில் தீப்பெட்டி ஆபீஸ் என்று சொல்லும் தொழிற்சாலைகளில் ஷீட்டுக்கடியில் பகல் முழுக்க உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அங்கே உள்ளே தாள் கட்டுவது அவ்வளவு எளிதல்ல. பிளாஸ்டிக் குமிழும் நுரையும் தீப்பிடிக்கக்கூடியவை. மருந்தும் குச்சியும் இருக்கும் கூடத்தில் அவற்றை ஏற்றவே கூடாது. உள்ளே எதைப் பொருத்துவதானாலும் தொழிற்சாலை ஆய்வாளரின் ஒப்புதல் வாங்கியே பொருத்த வேண்டும். ஆனால் கூரையின் மேல்புறத்துக்கு வெள்ளை அடிக்கத் தயங்குவதற்கு ஒரு காரணமும் இல்லை. முகட்டில் காற்றுத் திறப்பு வைக்கத் தயங்கவும் காரணம் இல்லை. மாசி மாதம், மழைக்கால ஈரம் முழுக்கக் காய்ந்து வெயில் ஏறுவதற்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை அது. ஆபீஸ் முதலாளிகள் அதை வரும் மாசியிலேயே செய்ய வேண்டும். செய்யாத இடங்களில் வேலை பார்ப்பவர்கள் கேட்டு வாங்க வேண்டும்.